கடைசி வரிசையில் ஆறு பேர்

இருநூறு நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. உட்காரத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை மாலை. குவாமினா எசுமான் தன் வீட்டு வாசலில் நின்று, வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காக முற்றத்தை நிறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. ஜூன் மாதத்து வானம் துவைக்காத வேட்டி மாதிரி தொங்கியது. அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மனைவி அராபா இறந்து சனிக்கிழமையோடு ஒரு வருடம். அன்றைக்கு முழுக்கறுப்பைக் களைந்து, கறுப்பும் வெள்ளையும் கலந்த துணி உடுத்தி, பாட்டும் சாப்பாடுமாக அவள் வாழ்ந்த வாழ்க்கையைக் கொண்டாட வேண்டும். சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது. சால்ட்பாண்டிலிருந்து மங்கெசிம் சந்தை வரைக்கும் எல்லாச் சுவரிலும் அராபா முறைத்துக்கொண்டிருந்தாள். சிரித்த மாதிரி ஒரு படம் வீட்டில் கிடைக்கவில்லை.

"ஐம்பது போதும்னுதானேப்பா சொன்னேன்?" என்று பந்தல்காரனிடம் கேட்டார்.

"உங்க மச்சான் ஃபீஃபி ஐயா இருநூறு போடச் சொல்லிட்டாரு. ஐம்பது போட்டா அது விசேஷம் இல்ல, சங்கக் கூட்டம்னாரு."

எசுமான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குமாசியிலிருந்து வரும் மகள் எவுராசியின் குடும்பம். மச்சான் வீட்டார். கோர்ட்டில் அவரோடு வேலை பார்த்தவர்களில் உயிரோடிருக்கும் மூன்று பேர். அதிலும் ஒருவருக்குக் காது கேட்காது. இழுத்துப் பிடித்தாலும் முப்பதைத் தாண்டவில்லை.

அராபாவுக்காக வேறு யார் வருவார்கள்? கோயில் பாடகர் குழுவிடம், "நீங்க பாடுறதக் கேட்டா கர்த்தரே காதப் பொத்திக்குவாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் அவள். பக்கத்து வீட்டில் மீன் புகைபோடும் அம்மாவோடு புகை எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதில் ஏழு வருடப் பகை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று சொல்லித் தையல்காரர் தலையிலேயே ரவிக்கையை வீசியிருக்கிறாள். சென்ற ஆண்டு அடக்கத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மழை கொட்டியது, ஆற்றில் வெள்ளம், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எசுமான் நம்பவில்லை. மழை ஒரு சாக்கு.

எதையும் எளிதில் நம்புகிற ஆள் அவர் இல்லை. முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி ஊர்ப் பாஷையான ஃபான்டியில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்லுவார். நீதிபதி ஆங்கிலத்தில் சொல்வதைக் கூண்டில் நிற்பவனுக்கு ஃபான்டியில் சொல்லுவார். ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். எது பொய் என்று நீதிபதிக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அன்றன்றைய வழக்கை ராத்திரிச் சாப்பாட்டின்போது அராபாவிடம் சொல்லுவார். "முதல்ல சாப்பிடுங்க, ஆறுது" என்பாள் அவள். அதோடு பேச்சு முடிந்துவிடும். முப்பத்து நான்கு வருடத் தாம்பத்தியம்.

அவர் முகத்தைப் பார்த்துப் பந்தல்காரனுக்கே பாவமாகிவிட்டது.

"ஆள்தான் கவலைன்னா ஆளும் கிடைக்கும் ஐயா. ஸ்வேட்ரு டவுன்ல டோன்கோர்னு ஒருத்தர் இருக்காரு. அழுறதுக்கு ஆள் அனுப்புவாரு. வேலை சுத்தமா இருக்கும்."

"சீ, போப்பா!" என்றார் எசுமான்.

மறுநாள் காலை டோன்கோருக்குப் போன் செய்தார்.

"வணக்கம் ஐயா!" என்றது ஒரு கரகரத்த குரல். "என்ன அழுகை வேணும்? சாதா அழுகையா, புரண்டு அழுறதா, மயக்கமா? மயக்கம்னா விழுறதுக்குப் பாய் உங்க பொறுப்பு."

"சாதாவே போதும். ஆறு பேர். கடைசி வரிசையில உக்காரட்டும். சத்தம் போடக் கூடாது."

"சத்தமில்லாம அழுறதுக்கு எதுக்கு ஐயா ஸ்வேட்ருல இருந்து ஆளு? சரி, உங்க இஷ்டம். அம்மா எப்படிப்பட்டவங்க? சொன்னாத்தான் எங்க பொம்பளைங்களுக்குச் சொல்லி அழ வசதி."

"நல்லவ."

"செத்தப்புறம் எல்லாரும் நல்லவங்கதான். வேற?"

எசுமான் யோசித்தார்.

"கோவக்காரி. சுத்தம் பார்ப்பா. புதன்கிழமை சந்தைக்குப் போவா."

"இத வெச்சு என்னத்த ஐயா அழுறது?" டோன்கோர் பெருமூச்சு விட்டார். "பரவால்ல, பொதுவா அழச் சொல்றேன். எப்ப ஆரம்பிக்கணும்னு ஒரு ஜாடை காட்டணுமே. கைக்குட்டைய எடுத்து மூக்கத் துடைங்க. எங்க ஆளுங்க கண்டுக்குவாங்க."

போனை வைத்துவிட்டு எசுமான் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொலைக் குற்றவாளியைப் பற்றிக்கூட நாற்பது பக்கம் சாட்சியம் இருக்கும். தன் மனைவியைப் பற்றி மூன்று வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அதில் ஒன்று சந்தை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருநூறு நாற்காலிகளில் இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது பந்தல். ஒலிபெருக்கிக்காரர் காலி நாற்காலிகளைப் பார்த்து, "அன்பான பெருந்திரளே!" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எல்லாரையும் முன்னாடி வந்து உக்காரச் சொல்லட்டுமா?" என்று எவுராசி காதோரம் கேட்டாள்.

"இரும்மா. இன்னும் வருவாங்க."

"யாரு?"

அந்த நேரம் தெருமுனையில் ஒரு வேன் நின்றது. ஆறு பெண்கள் இறங்கினார்கள். கறுப்பு வெள்ளைத் துணி, தலையில் கறுப்புக் கட்டு. யாரிடமும் பேசாமல் நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

எசுமானுக்கு மூச்சு வந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர் டோன்கோர். ஆறு பேரில் பருமனாக இருந்தவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரும் அர்த்தத்தோடு தலையசைத்தார்.

போதகர் ஜெபம் சொல்லி, மச்சான் ஃபீஃபி பேசி, அதற்குப் பிறகு கைக்குட்டை. அதுதான் எசுமானின் திட்டம். ஆனால் முதல் காரியமாக ஃபீஃபி எழுந்து, மேடையிலிருந்த அராபாவின் பெரிய படத்தை மூடியிருந்த துணியை ஒரே இழுப்பாக இழுத்தார். பெட்டியின் அடியில் அந்துருண்டையோடு கிடந்த துணி அது. வாடை எசுமானின் மூக்கில் ஏறியது. மூன்று தும்மல். தன்னையறியாமல் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஓலம் எழுந்தது.

சாதா அழுகை இல்லை அது. ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி, "இப்படி முறைச்சுப் பாக்குறீங்களே அக்கா! வந்து திட்டுங்க அக்கா!" என்று படத்தைப் பார்த்துக் கதறினாள். போதகர் திறந்த வாயை மூட மறந்து நின்றார்.

எசுமான் விறுவிறுவென்று பின்னால் போனார். "போதும்மா, போதும். இப்ப வேணாம்," என்று கிசுகிசுத்தார்.

பருமனானவள் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு தோளில் விழுந்து அழுதாள். "எப்படி ஐயா தாங்கிக்கிட்டிருக்கீங்க!"

"நல்லாத்தான் பண்றீங்க. ஆனா சீக்கிரம் ஆரம்பிச்சிட்டீங்க."

அவள் கண்ணீரோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சீக்கிரமா? ஒரு வருஷமாச்சே ஐயா!"

கெட்டிக்காரி, என்று நினைத்துக்கொண்டார் எசுமான். தொழில் தெரிந்தவள்.

திரும்பி வந்து உட்கார்ந்து கைக்குட்டையைச் சட்டைப்பையின் ஆழத்தில் திணித்தார். ஜலதோஷம் அதைப் புரிந்துகொள்ளவில்லை. மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்தார். பிறகு முழங்கையால்.

"அப்பா, கைக்குட்டை பையிலதானே இருக்கு?" என்றாள் எவுராசி.

"வேணாம்."

"ஐயோ, படமெடுக்குறாங்கப்பா!" அவளே கைக்குட்டையைப் பிடுங்கி, குழந்தைக்குத் துடைப்பதுபோல் அவர் மூக்கை அழுத்தித் துடைத்தாள்.

தாயில்லாத மகள் தகப்பனுக்கு மூக்குத் துடைப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? கடைசி வரிசையில் இரண்டாவது ஓலம் எழுந்தது. இந்த முறை ஒலிபெருக்கியைவிடப் பலமாக.

நல்ல அழுகைச் சத்தம் கேட்டால் அந்த ஊரில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். முதலில் மீன் புகைபோடும் அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அரை மணியில் துணி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தையல்காரர் வந்தார். பாடகர் குழு மொத்தமாக வந்து, யாரும் கேட்காமலே பாடத் தொடங்கியது. பதினொரு மணிக்கு நாற்காலி கிடைக்காதவர்கள் மாமரத்தடியில் நின்றார்கள்.

"பாத்தியா? என் தங்கச்சிக்கு இருநூறு போதல," என்று ஃபீஃபி மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்பா, சாப்பாடு அறுபது பேருக்குத்தான் சொல்லியிருக்கு," என்று எவுராசி கையைப் பிசைந்தாள். "கடையில கென்கே சோள உருண்டை வாங்க ஆள் அனுப்பணும். இவ்வளவு பேர் எங்கேருந்து வந்தாங்க?"

எசுமான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. ஆறு பேரின் பொய்க் கண்ணீரை நம்பி ஓர் ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேடையில் அராபா அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பொய் என்றால் அவளுக்கு ஆகாது. அதனால்தான் ஊரில் அவளோடு சண்டை போடாதவர் ஒருத்தரும் மிச்சமில்லை.

"அம்மாவைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை சொல்ல விரும்பினா மேடைக்கு வரலாம்," என்று ஒலிபெருக்கி அழைத்தது.

கடைசி வரிசையிலிருந்து பருமனானவள் எழுந்தாள்.

எசுமானுக்கு வியர்த்தது. பேச்சு ஒப்பந்தத்தில் இல்லை. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு, தானும் கையைக் காட்டிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"என் பேரு மான்சா. அபுரா பக்கத்து ஊரு. என் மகன் ஆடு திருடினான்னு கேஸு. ஒன்றரை வருஷம் உள்ள போட்டாங்க. ஜட்ஜு இங்கிலீஷ்ல சொன்னாரு, எனக்குப் புரியல. எங்க பாஷையில சொன்னது அந்த ஐயாதான்."

எல்லோரும் திரும்பி எசுமானைப் பார்த்தார்கள்.

"மூணாவது நாள், புதன்கிழமை, ஒரு பொம்பள என் வீட்டத் தேடி வந்தாங்க. கையில கென்கே, வறுத்த மீனு. நான் அழுதுகிட்டே கிடந்தேன். 'எந்திரிடி, முதல்ல சாப்பிடு'ன்னு ஒரு அதட்டு! அன்னையிலேருந்து பதினாறு வருஷம். எனக்கு மட்டுமில்ல. இந்தா உக்காந்திருக்காங்களே அஞ்சு பேரு, இவங்க புருஷன், புள்ள, அண்ணன் தம்பி, எல்லாம் இந்த ஐயா வாயால தீர்ப்புக் கேட்டவங்கதான். ஒவ்வொரு புதன்கிழமையும் ஒவ்வொரு வீடு. 'எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிராதீங்க. கோர்ட்டு ஆளு, யாரையும் தெரிஞ்சு வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம்'பாங்க. போன வருஷம் ஆத்துல வெள்ளம், அடக்கத்துக்கு எங்களால வர முடியல. சந்தையில சுவரொட்டியப் பாத்துத்தான் ஓடி வந்தோம்."

மீன் புகைபோடும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எசுமானின் காதில் ஏதோ நெருடியது. பொய்சாட்சிக்கு ஓர் அடையாளம் உண்டு. மெய்சாட்சி திக்குவான், மறப்பான். பொய்சாட்சி மீனின் கண்ணைக்கூட விவரிப்பான். கென்கே, வறுத்த மீன், மூன்றாவது நாள், புதன்கிழமை! புதன்கிழமை என்று டோன்கோரிடம் வாய்விட்டது அவர்தானே? கோர்ட் சமாச்சாரத்தை ஊரில் யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம். மழையைக்கூட விடவில்லை பாவிகள்.

"அக்கா இருந்தா சிரிப்புக்குப் பஞ்சமே இல்ல," என்று மான்சா தொடர்ந்தாள். "ஐயா தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி இருமுவாரே, அத அப்படியே செஞ்சு காட்டுவாங்க. ம்ஹூம்! ம்ஹ்ஹூம்!"

பந்தல் மொத்தமும் சிரித்தது. கோர்ட்டு நண்பர்கள் மூவரும் சிரித்தார்கள், காது கேட்காதவரும்கூட. எவுராசியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எசுமானுக்குள் ஏதோ அறுந்தது. அராபா சிரிக்கவைத்தாளா? முப்பத்து நான்கு வருடத்தில் அவர் அவளுடைய கடைவாய்ப் பல்லைக்கூடப் பார்த்ததில்லை. கட்டிய கணவனுக்குக் கிடைக்காத சிரிப்பை, கூலிக்கு வந்தவள் கண்டாளாமா?

எழுந்தார். மேடைக்குப் போய் மான்சாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினார். பழக்கதோஷத்தில் ஒருமுறை இருமினார். மறுபடியும் சிரிப்பு. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது.

"முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க பேச்சத்தான் நான் பேசினேன்," என்றார். "இது என் பேச்சு. உண்மை, முழு உண்மை. இந்தம்மா சொன்னது எல்லாம் பொய்."

"அப்பா!" என்றாள் எவுராசி.

"இரும்மா. என் பொண்டாட்டிக்கு சிநேகிதி யாரும் கிடையாது. உங்க எல்லாரோடயும் சண்ட போட்டா. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் வரமாட்டீங்கன்னு பயந்து, இந்த ஆறு பேரையும் அழுறதுக்குக் கூலிக்குக் கூப்பிட்டேன். நான் மூக்கத் துடைச்சா அழணும், அதுதான் ஏற்பாடு."

ஃபீஃபி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரிசையில் ஐந்து பெண்களும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். மான்சா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு மேடையில் நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேற்று மொழியில் தீர்ப்புக் கேட்டவளைப் போல நின்றாள்.

"அவ எப்படிப்பட்டவன்னு அழ ஆள் அனுப்புறவர் கேட்டாரு. மூணு வாக்கியத்துக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல." எசுமான் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஒரு வருஷமா நான் ஆறின சோத்தத்தான் சாப்பிடுறேன். அதட்ட ஆள் இல்ல. ஆனா அதுக்காக அவ பேர்ல பொய் சொல்ல விடமாட்டேன். அவ பொய் பொறுக்கமாட்டா. காலி நாற்காலியே அவளுக்கு மரியாதை. நீங்க எந்திரிச்சுப் போறதுன்னா போகலாம்."

ஒரு வருடமாக வராத அழுகை அவருக்கு அப்போதுதான் வந்தது. மைக்கைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோனது.

யாரும் எழுந்திருக்கவில்லை. "ஐயா..." என்று மான்சா மெல்ல ஆரம்பித்தாள்.

அப்போது வாசலில் இன்னொரு வேன் உறுமிக்கொண்டு வந்து நின்றது. கையெல்லாம் கரியும் மண்ணுமாக ஒருவர் குதித்து இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையை நோக்கி ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், வியர்த்து வழிய, கறுப்பு உடுத்திய பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆறு பேர்.

"மன்னிக்கணும் எசுமான் ஐயா!" என்றது போனில் கேட்ட அதே கரகரத்த குரல். "மங்கெசிம் தாண்டினதும் டயர் வெடிச்சிருச்சு. காலையிலேருந்து கூப்பிடுறேன், நீங்க போனே எடுக்கல. பரவால்ல, இப்பவாவது சொல்லுங்க, எங்க ஆளுங்க எங்க உக்காந்து அழணும்?"